அப்பாவின் வலது பாதமும் ஒரு பித்தளை நட்டும்

ஒரு வேலையில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவனிடம் அந்த வேலையை மட்டும்தான் கொடுக்க வேண்டும். அதற்குப் பக்கத்து வேலையைக் கொடுத்தால் வில்லங்கம். ஒன்றும் தெரியாதவன், தெரியாது என்று சொல்லி ஒதுங்கிக்கொள்வான். பக்கத்து வேலைக்காரன் ஒதுங்க மாட்டான். "இதுவும் அதே மாதிரிதானே" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு கிளம்பிவிடுவான். உலகத்தில் நடக்கிற விபத்துகளில் பாதிக்கு இந்த "அதே மாதிரிதானே"தான் காரணம் என்பது என் கணிப்பு. மீதிப் பாதியைப் பற்றி எனக்குத் தெரியாது. இந்தப் பாதியில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மாடுலர் கிச்சன் செய்து கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். மாடுலர் கிச்சன் என்றால் பளபளவென்று இருக்கும், தட்டிப் பார்த்தால் தேக்கு மாதிரி சத்தம் வரும், உள்ளே இருப்பது மரத்தூள். மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகையில் ஸ்குரூவை ஒரு தடவை முடுக்கலாம். கழற்றி மறுபடி முடுக்கினால் ஓட்டை பெரிதாகி, ஸ்குரூ விழப்போகிற பல் மாதிரி ஆடும். இதற்கு மருந்துதான் இன்செர்ட் நட். சின்னப் பித்தளைக் குழாய். வெளிப்பக்கம் மரத்தைக் கடிக்கிற முரட்டு மரை, உள்பக்கம் போல்ட் ஏறுகிற மெல்லிய மரை. மரத்தில் துளை போட்டு இதைத் திருகி இறக்கிவிட்டால் போதும். அதற்குப் பிறகு போல்ட்டை எத்தனை தடவை வேண்டுமானாலும் கழற்றலாம், மாட்டலாம். மரத்துக்கு நோகாது, ஏனென்றால் போல்ட் உரசுவது பித்தளையோடுதான்.

இந்த நட்டைக் கற்றுக்கொண்ட புதிதில் எனக்கு அதன்மேல் ஒரு பக்தியே வந்துவிட்டது. வீட்டில் எது ஆடினாலும் நட்டு வைத்தேன். கட்டில், பீரோக் கைப்பிடி, சாமி அலமாரிக் கதவு, அம்மாவின் அரிவாள்மணை. (அரிவாள்மணைக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். அம்மாவும் கேட்டாள்.) அந்த வேகத்தில்தான் அப்பாவின் கால் என் கையில் கிடைத்தது.

அப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊர் கூமாப்பட்டி. ஊருக்கு வந்த பிறகும் காலையில் முகச்சவரம், மடிப்புக் கலையாத சட்டை, தோப்புக்குப் போனாலும் நெஞ்சை நிமிர்த்திய நடை. அவரை எல்லையில் யாரும் ஒன்றும் செய்ய முடியவில்லை. சர்க்கரை செய்தது. செருப்புக் கடித்த ஒரு புண். முதலில் விரலை எடுத்தார்கள், அப்புறம் பாதத்தை, அப்புறம் முழங்காலுக்குக் கீழே எல்லாவற்றையும். தவணை முறையில் ஒரு மனிதரைக் கழித்துக்கொண்டே வந்தார்கள். அவர் ஒரு தடவைகூட அழவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குத் தவிர வாசலைத் தாண்டவில்லை. யாராவது பார்க்க வந்தால் தூங்குவதாகச் சொல்லச் சொல்லிவிட்டு, உள்ளே கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருப்பார்.

மதுரையில் செயற்கைக் கால் செய்து கொடுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் உறை, அதன் அடியில் கணுக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மரக்கட்டை, அதற்குக் கீழே ரப்பர் பாதம். பாதத்தின் குதிகாலில் ஒரு குழி. அதன் வழியாக ஒரு நீள போல்ட் மேலே ஏறி மரக்கட்டையில் மரை பிடித்து நிற்கும். மொத்தப் பாதமும் அந்த ஒற்றை போல்ட்டை நம்பித்தான். நிறத்தில் மட்டும் கொஞ்சம் பிசகு. அப்பா கூமாப்பட்டி வெயிலில் கறுத்தவர், பாதம் நல்ல எலுமிச்சை நிறம். (கணுக்காலுக்கு மேலே நம்மூர், கீழே வடநாடு.)

இந்த நிலையில்தான் என் தங்கை மாரீஸ்வரிக்கு ராஜபாளையத்தில் மாப்பிள்ளை அமைந்தது. முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. அப்பா மண்டபத்துக்கு வருவதாக ஒப்புக்கொண்டார். பாதபூஜைக்கு மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. தாலி கட்டுவதற்கு முன்னால் பெண், மேடையில் தாய் தகப்பன் கால்களைத் தாம்பாளத்தில் வைத்துக் கழுவிப் பொட்டு வைத்துக் கும்பிட வேண்டும் அல்லவா, அதற்கு.

"ஒத்தக் காலுக்கு என்னட்டி பூசை? அம்மாவுக்கு மட்டும் பண்ணு. நான் பக்கத்துல உக்காந்துக்கிடுதேன்" என்றார் அப்பா.

"ரெண்டு காலுக்கும் பண்ணுவேன்" என்றாள் மாரி.

"ஒண்ணு ரப்பரு."

"இருக்கட்டும். சின்னப் பிள்ளையில என்னத் தூக்கிக்கிட்டு நடந்த காலுதான அது?"

"அந்தக் கால மதுரையிலயே எரிச்சுட்டாங்க."

"அப்ப அது எடத்துல இருக்குறதுக்குப் பண்ணுதேன்."

கடைசியில் அப்பா உண்மையைச் சொன்னார். "அது ஆடுதுட்டி. நடந்தா டக்கு டக்குன்னு சத்தம் வருது. நீ தொடுதப்ப ஒரு பக்கமாத் திரும்பிச்சுன்னு வையி, அம்புட்டு சனமும் பாத்துக்கிட்டு இருக்கும். எனக்கு நாக்கப் பிடுங்கிக்கிட்டுச் சாகலாம்போல இருக்கும்."

போல்ட் பிடித்திருந்த மரை தேய்ந்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம். மென்மரத்தில் இது நடக்கிறதுதான். நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். (உட்கார்ந்தே இருந்திருக்கலாம்.)

"ஆடாமப் பண்ணிருவேன்பா. என் தொழிலே அதான்."

"மதுரைக்குக் குடுத்துவிடுவோமாலே?"

"அங்க குடுத்தா கல்யாணம் முடிஞ்சுதான் கைக்கு வரும். இது ஒரு நட்டு வேலைப்பா."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அப்பாவுக்கு என்னை ராணுவத்தில் சேர்க்க ஆசை இருந்தது. ஆள் எடுப்புக்குப் போனேன். ஓட்டத்தில் பாதி வழியில் வாந்தி எடுத்து, ஒரு சுபேதார் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து அப்பாவிடம் ஒப்படைத்தார். அன்றிலிருந்து அப்பா என்னை நம்பி ஒரு டார்ச் லைட்டைக்கூடக் கொடுத்ததில்லை. இப்போது காலைக் கழற்றிக் கையில் கொடுக்கிறார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

காலைத் துண்டில் சுற்றி பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பினேன். வழியில் துண்டு நழுவிப் பாதம் வெளியே எட்டிப் பார்த்திருக்கிறது. எனக்குத் தெரியாது. வத்திராயிருப்பில் டீ குடிக்க நிறுத்தியபோது கடையிலிருந்த ஒருவர் பாதத்தையும் என்னையும் பார்த்துவிட்டு, கிளாஸை வைத்துவிட்டுப் போயே போய்விட்டார்.

கடையில் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தேன். மரக்கட்டையின் துளை உள்ளே பொடிப் பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. இந்த வேலைக்கு ஒரு விதி உண்டு. இழுப்பு எந்தப் பக்கம் இருக்கிறதோ, விளிம்பு வைத்த நட்டை அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து இறக்க வேண்டும். அப்போது இழுக்க இழுக்க விளிம்பு மரத்தில் போய் அழுந்தும், நட்டு வெளியே வராது. பாதத்தின் இழுப்பு கீழ்நோக்கி. ஆகவே நட்டு மேலிருந்து இறங்க வேண்டும். மேல்பக்கமோ பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. உறையைப் பிரிக்க எனக்குத் தெரியும், மறுபடி ஒட்டத் தெரியாது. கீழிருந்தே வைத்தால் என்ன என்று தோன்றியது. அடுப்படிக் கதவில் அப்படித்தானே வைக்கிறோம், இதுவும் அதே மாதிரிதானே.

உளுத்துப்போன மரத்தையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டுத் துளை போட்டேன். நல்ல மரம் வரும் வரும் என்று பார்த்துக்கொண்டே போட்டதில் துளை கொஞ்சம் தாராளமாகிவிட்டது. இன்செர்ட் நட்டை ஆலன் கீ என்கிற வளைந்த முடுக்குச் சாவி வைத்து, மணிக்கட்டு வலிக்கத் திருகித்தான் இறக்க வேண்டும். இது நான் துளைக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் தானாகவே உள்ளே இறங்கி உட்கார்ந்துகொண்டது. மரத்தைக் கடிக்க வேண்டிய முரட்டு மரை காற்றைக் கடித்துக்கொண்டிருந்தது.

புத்தியுள்ளவன் அந்த இடத்தில் மதுரைக்கு பஸ் ஏறியிருப்பான். நான் மரத்தூளையும் வெள்ளைப் பசையையும் குழைத்தேன். துளைக்குள் அப்பி, அதில் நட்டை அமிழ்த்தி, மேலே கனம் வைத்துக் காயவிட்டேன். அந்தப் பசை தண்ணீருக்கு ஆகாது. வாடிக்கையாளர்களிடம் "சிங்க் அடியில தண்ணி தேங்க விடாதீங்க, பசை விட்டுரும்" என்று படித்துப் படித்துச் சொல்கிறவன் நான்தான். ஆனால் காலுக்கு ஏது சிங்க்?

காய்ந்த பிறகு பாதத்தை மாட்டி இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. கடையில் இருந்தவர்களைக் கூப்பிட்டு இழுக்கச் சொன்னேன். சமையலறைக்கு அளவு கொடுக்க வந்த ஒரு டீச்சரம்மாவையும் இழுக்கச் சொன்னேன். (அவர் அப்புறம் ஆர்டர் கொடுக்கவில்லை.) பாதம் பாறை மாதிரி நின்றது.

அப்பா அதை மாட்டிக்கொண்டு முற்றத்தில் நடந்தார். சத்தமே இல்லை. வாசல் வரைக்கும் போனார். நின்றார். பிறகு படி இறங்கித் தெருவில் நடந்தார். கால் எடுத்த பிறகு முதல் தடவை. தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி, வேர்த்து விறுவிறுத்து வந்து உட்கார்ந்து, "பரவாயில்லலே" என்றார். அப்பாவிடமிருந்து அந்த வார்த்தையை வாங்குவது மெடல் வாங்குகிற மாதிரி. அம்மா அடுப்படிக்குள் போய் அழுதாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"தண்ணி பட்டா என்னலே ஆகும்?" என்று கேட்டார்.

"பித்தளைப்பா! கெணத்துல போட்டாலும் ஒண்ணும் ஆகாது" என்றேன். பித்தளைக்கு ஆகாது. அது சத்தியம்.

முகூர்த்தத்தன்று காலையில், ராஜபாளையம் மண்டபத்தில் எங்களுக்குக் கொடுத்திருந்த அறையில் அப்பாவை உடுத்திவிடப் போனேன். பட்டு வேட்டி கட்டி, சட்டை போட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காலைக் காணோம்.

"குளியலறையில வாளியில இருக்கு, எடுத்துட்டு வா."

வாளி நிறைய சோப்புத் தண்ணீர். அதில் கால், பாதம் கீழாக நின்றுகொண்டிருந்தது.

"நேத்தே ஊறப் போட்டுட்டேன். பிள்ளை கை வைக்கப் போறால்லா. ஊர்ப் புழுதி ஒரு பொட்டு இருக்கக் கூடாது. நீதான் கெணத்துல போட்டாலும் ஒண்ணும் ஆகாதுன்னியே" என்றார் அப்பா. சந்தோஷமாக இருந்தார்.

காலை எடுத்துத் தூக்கிப் பிடித்தேன். குதிகால் குழியிலிருந்து தண்ணீர் ஒழுகியது. வெள்ளையாக ஒழுகியது. அது சோப்பு நுரை என்று நினைத்துக்கொள்ள என்னால் ஆன மட்டும் முயன்றேன். வெளியே நாதஸ்வரம் ஆரம்பித்துவிட்டது. பாக்கெட்டில் எப்போதும் இருக்கிற ஆலன் கீயை எடுத்து போல்ட்டை நன்றாக முடுக்கினேன். முடுக்க முடுக்க இறுகியது. எனக்கு மூச்சு வந்தது. மரத்தில் பிடிப்பில்லாத நட்டை முடுக்கினால் அது இறுகுவதில்லை, கீழே இறங்கி வருகிறது என்பது எனக்குத் தெரியும். எந்த நாளிலும் தெரியும், அன்றைக்குக் காலையில் மட்டும் தெரியவில்லை.

அப்பா கைத்தடி வேண்டாம் என்றார். மண்டப வாசலிலிருந்து மேடை வரைக்கும் நடந்தே போவதாகச் சொல்லிவிட்டார். இரண்டு பக்கமும் சனம். ரொம்ப நாள் கழித்து அவரைப் பார்க்கிறவர்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். நான் பின்னால், அவருடைய குதிகாலைப் பார்த்தபடி நடந்தேன். வாசலில் நேராக இருந்த வலது பாதம், பாதி தூரம் வருவதற்குள் மெல்லத் திரும்பிப் பந்தி நடக்கிற பக்கத்தைக் காட்ட ஆரம்பித்தது.

"அவிய ஏன் காலை அகட்டி நடக்காக?" என்றாள் பக்கத்தில் வந்த அத்தை.

"மிலிட்டரி நடை அத்தை."

அப்பா உதடு அசையாமல் சொன்னார்: "கணேசா, திரும்புதுலே."

"நேரா நடங்கப்பா."

"நான் நேராத்தாம்ல நடக்கேன். அது வரமாட்டேங்குது."

வேறு வழியில்லை. சடாரென்று முன்னால் போய் அவர் காலில் விழுந்தேன். ஆசீர்வாதம் வாங்குகிற சாக்கில் பாதத்தைப் பிடித்து நேரே திருப்பினேன். சுற்றியிருந்தவர்கள் உருகிவிட்டார்கள். "பாத்தியா, தகப்பன் மேல எம்புட்டு மரியாதை" என்று ஒரு குரல் கேட்டது. அதைக் கேட்டுச் சித்தப்பா பையன்களுக்கும் மரியாதை பொத்துக்கொண்டு வந்து, ஒருத்தன் பின்னால் ஒருத்தனாக வந்து விழுந்தார்கள். ஒவ்வொருத்தனும் தொடத் தொட எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. எழுந்திரிக்கும்போது பாதம் மறுபடி பந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எப்படியோ மேடை ஏறி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நெற்றியெல்லாம் வேர்வை. ஆனால் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அவ்வளவு பேருக்கு முன்னால் நடந்து வந்துவிட்டார் அல்லவா. இனி உட்கார்ந்திருக்கிற வேலைதான், தப்பித்தோம் என்று நானும் நினைத்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் வசதியானவர்கள். மேடையில் நடப்பதைக் கடைசி வரிசைக்கும் காட்ட இரண்டு பக்கமும் ஆளுயரத் திரை வைத்திருந்தார்கள். கேமராக்காரர் மண்டி போட்டு, தாம்பாளத்தை மட்டும் பெரிதாகக் காட்டிக்கொண்டிருந்தார். மாரி முதலில் அம்மாவின் கால்களைக் கழுவினாள். பிறகு அப்பாவின் இடது கால். பிறகு வலது. தண்ணீர் ஊற்றினாள், பால் ஊற்றினாள், மறுபடி தண்ணீர் ஊற்றினாள். எதையும் அரைகுறையாகச் செய்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. துண்டால் மேலே துடைத்தாள். அடியிலும் துடைக்க வேண்டும் என்று, குதிகாலுக்கு ஒரு கை, விரல்களுக்கு ஒரு கை கொடுத்து மெதுவாகத் தூக்கித் தன் பக்கம் இழுத்தாள்.

'ப்ளக்' என்று ஒரு சத்தம். மைக்கில் கேட்டது.

பாதம் அவள் கையில் இருந்தது. திரையிலும் இருந்தது, கட்டில் அளவுக்கு. எலுமிச்சை நிறப் பாதம், அதன் குதிகால் மேல் குத்திட்டு நிற்கும் போல்ட், போல்ட்டின் உச்சியில் மஞ்சளாக மின்னுகிற என் நட்டு. என் வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. போல்ட்டும் நட்டும் பிரியவே இல்லை. பிரிந்தது அப்பாதான்.

மேளக்காரருக்கு மேடை சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது. மாரியின் கை உயர்ந்ததைப் பார்த்துவிட்டுத் தாலிதான் என்று நினைத்துக் கெட்டிமேளம் கொட்டிவிட்டார். முன்வரிசையில் இருந்தவர்களில் சிலர் பழக்கதோஷத்தில் அட்சதையும் போட்டுவிட்டார்கள். அட்சதை பாதத்தின் மேல் விழுந்தது. மேளம் நின்ற பிறகு மாப்பிள்ளை பக்கத்தில் ஒரு பெரியவர் "என்ன சகுனமோ" என்று முணுமுணுத்தது எல்லாருக்கும் கேட்டது.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வேட்டி விளிம்பை இழுத்து அந்த வெறும் பிளாஸ்டிக் முனையை மூடப் பார்த்தார். ஈர வேட்டி வழுக்கி வழுக்கி விலகியது. கை மறுபடி மறுபடி இழுத்தது. அந்தக் கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

மாரி பாதத்தைக் கீழே போடவில்லை. துடைத்து முடித்தாள். தாம்பாளத்தில், இருக்க வேண்டிய இடத்தில் வைத்தாள். சந்தனத்தைக் குழைத்தாள்.

"அம்மா, அது வந்து..." என்று இழுத்தார் ஐயர்.

"இதுவும் எங்கப்பாதான் சாமி. நீங்க மந்திரத்தச் சொல்லுங்க."

சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, பூப் போட்டு, அந்த ரப்பர்ப் பாதத்தின் மேல் நெற்றி படக் கும்பிட்டாள். அப்பா அழுதார். மூன்று தவணையிலும் அழாத மனிதர், அவ்வளவு சனத்துக்கு முன்னால் விக்கி விக்கி அழுதார். மாப்பிள்ளை சரவணன் தன் இடத்தை விட்டு எழுந்து வந்து, மாரி பக்கத்தில் மண்டி போட்டு அந்தப் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சகுனம் பார்த்த பெரியவர் வெற்றிலைச் செல்லத்துக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு அப்பா என் பக்கம் திரும்பினார். ஐயரின் மைக் அவர் மடிக்கு நேரே இருந்தது.

"ஏலே கணேசா. கெணத்துல போட்டிருந்தாக்கூட இந்நேரம் ஒழுங்கா இருந்திருக்கும்லே."

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. அப்பாவும் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று வீடியோவில் தெரிகிறது. எனக்கு ஞாபகம் இல்லை.

ஆனால் சோதனை முடியவில்லை. தாரை வார்த்துக் கொடுக்க அப்பா எழுந்து நிற்க வேண்டும். "நாற்காலியிலேயே இருந்து செய்யலாம்" என்றார் ஐயர். அப்பா கேட்கவில்லை. "வந்து நில்லுலே" என்றார் என்னிடம். நான் போய் அவர் வலது பக்கம் நின்றேன். என் தோளில் கையைப் போட்டு, முழுப் பாரத்தையும் என்மேல் இறக்கி எழுந்தார். தாரை வார்த்து, தாலி கட்டி, ஊரெல்லாம் வந்து மொய் எழுதி, குரூப் போட்டோ எடுத்து முடிகிற வரைக்கும் நான்தான் வலது கால். கல்யாண ஆல்பத்தில் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் அப்பாவின் அக்குளில் என் தலை இருக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் "இது யாரு, பொண்ணோட அப்பா கக்கத்துல?" என்று கேட்பார்கள். "அது எங்கண்ணன், அன்னைக்கு ஸ்பேர் பார்ட்டா இருந்தாரு" என்பாள் மாரி.

காலை மதுரைக்கே கொண்டுபோனோம். அங்கே என் நட்டைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, இது யார் செய்தது என்று கேட்டார்கள். "உள்ளூர்ல ஒருத்தரு" என்றேன். "இவன்தான்" என்றார் அப்பா. உறையைப் பிரித்து, புதுக் கட்டை வைத்து, மேலிருந்து நட்டு இறக்கிக் கொடுத்தார்கள். அந்தப் பாதத்தோடு அப்பா ராஜபாளையத்துக்கு மகள் வீட்டுக்குப் போய்வந்தார், தோப்புக்குப் போனார், பிளவக்கல் அணையில் தண்ணீர் திறந்தால் பார்க்கப் போனார். வீட்டுக்குள் ஒளிந்துகொள்வதை விட்டுவிட்டார். அவ்வளவு பேர் பார்த்துவிட்ட பிறகு இனி யாரிடம் மறைக்க என்று நினைத்திருக்கலாம். அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று நான் சொன்னால் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

சரவணன் ராஜபாளையத்தில் புது வீடு கட்டினார். சமையலறை வேலையை வேறு கடைக்குக் கொடுத்தார். "தப்பா நினைக்காதீங்க மச்சான், தண்ணி படுற எடம்லா" என்றார்.

போன ஐப்பசியில் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். விடியற்காலையில் அம்மா தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்தது. மாரியும் சரவணனும் ராஜபாளையத்திலிருந்து ஓடி வந்தார்கள். மாரி கட்டிலில் தலையை முட்டி முட்டி அழுதாள். உடம்பு விறைப்பதற்கு முன்னால் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும். பெரியவர்கள் துணியைக் கிழித்துக்கொண்டு வந்து, போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு நின்றார்கள். கால் கட்டிலுக்குக் கீழே இருந்தது. தூங்கும்போது கழற்றி வைத்துவிடுவார்.

"ஒத்த விரல எதோட சேத்துக் கட்ட?" என்றார் சித்தப்பா.

"அவிய கால எடுத்து மாட்டுங்க. முழுசாத்தான் போகணும்" என்றாள் அம்மா.

நான்தான் மாட்டினேன். உறையை ஏற்றி, வாரை இழுத்துக் கட்டினேன். பாதத்தைத் தொட்டுப் பார்த்தபோது லேசாக அசைகிற மாதிரி இருந்தது. கண்ணீரில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. கை தானாகப் பாக்கெட்டுக்குப் போய் ஆலன் கீயை எடுத்தது. போல்ட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

அதுவரை நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுத மாரி சட்டென்று தலையைத் தூக்கினாள்.

"அண்ணே! நீ கைய வைக்காத!"

சரவணன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அம்மா முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டாள். அப்புறம் மாரி, சித்தப்பா, நான், எல்லாரும், அப்பாவைச் சுற்றி உட்கார்ந்து சிரித்தோம். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியாது. வெளியே இருந்தவர்கள் அழுகை என்றுதான் நினைத்திருப்பார்கள்.

மாரி என் கையிலிருந்து ஆலன் கீயை வாங்கிக்கொண்டாள். நான் காலைப் பிடித்துக்கொண்டேன், அவள் முடுக்கினாள். ரப்பர் விரலையும் நிஜ விரலையும் சேர்த்துக் கட்டினார்கள். சுடுகாடு போகிற வரைக்கும் நான் அந்தப் பாதத்தை மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். அது திரும்பவே இல்லை.